நூறு வாட் வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் 100 வாட் செட் வைத்திருக்கிறேன். குடும்பத்துடன் பத்து நாள் தேசியப் பூங்காக்களையும் மலைப்பகுதிகளையும் சுற்றப் போகிறோம். செட்டைக் கையோடு கொண்டுபோகலாமா? 5 வாட் சிறிய செட் வாங்கினால் யாருக்காவது கேட்குமா? கைபேசிச் சிக்னல் இல்லாத இடத்தில் ஆபத்துக்கு இதை நம்பலாமா?

பதில்: பெரிய செட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதைச் சுமந்து மலையேறி முதுகு வலித்தவன் சொல்கிறேன். செட்டின் எடை பெரிதல்ல. ஆளை அமுக்குவது அதற்குத் தீனி போடும் பேட்டரிதான். 100 வாட் செட் முழுத் திறனில் 20 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். 5 வாட் செட்டுக்கு ஒன்றிரண்டு ஆம்பியர் போதும்.

இருபதில் ஒரு பங்குத் திறனில் என்ன கேட்கும் என்று தயங்குவீர்கள். காது அந்தக் கணக்கில் கேட்பதில்லை. 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடைவெளி 13 டெசிபல். சிக்னல் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். அதாவது மறுமுனையில் 9 காட்ட வேண்டிய உங்கள் குரல் 7-க்குச் சற்றுக் கீழே காட்டும். நின்று கேட்பவருக்கு அது தாராளம். மோர்ஸ் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. குரலுக்கு வேண்டிய அலை அகலத்தில் ஒரு சிறு துண்டு அதற்குப் போதும் என்பதால், 5 வாட் மோர்ஸ் எட்டும் இடத்தில் 5 வாட் குரல் திணறும்.

காட்டில் முதன்முறை ஹெட்போனை மாட்டும்போது செட் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும். சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் என்று வீட்டைச் சுற்றி இரைந்துகொண்டிருந்தவை எதுவும் அங்கே இல்லை. ஆன்டெனாவைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்ப்பீர்கள்; எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த அமைதி ஏமாற்றவும் செய்யும். உங்களுக்குக் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் நீங்கள் கேட்பதில்லை, ஏனென்றால் அவர்கள் இன்னும் ஊர் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் வரவில்லை என்று செட்டைத் திட்டாமல், பலமாகக் கேட்கும் நிலையங்களுக்குப் பதில் கொடுத்துத் தொடங்குங்கள்.

மிச்சமாகும் பணத்தையும் கவனத்தையும் ஆன்டெனாக் கம்பியில் போடுங்கள். 142.5-ஐ மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணால் வகுத்தால் அரை அலைக் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர், 7.1-க்கு 20 மீட்டர். ஒரு சாண் கூடுதலாகவே வெட்டி, நுனியை மடித்து மடித்துச் சரிசெய்யுங்கள். அந்த 20 மீட்டர் கம்பியின் ஒரு முனையில், கம்பியையும் செட்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தும் 49-க்கு 1 மின்மாற்றியை வைத்து ஊட்டினால் 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் நான்கிலும் வேலை செய்யும். ஒரே ஒரு மரம் போதும் என்பதால் பயணத்துக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

மரத்தில் ஏற்றுவதில்தான் பாதிப் பேர் பொறுமை இழக்கிறார்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி கண்ணில் பட்டால் அந்த இடமே வேண்டாம். பிறகு மெல்லிய, முறுக்கேறாத கயிற்றின் நுனியில் கால் கிலோவுக்கு மேற்படாத, வழவழப்பான எடை ஒன்றைக் கட்டி, மீதிக் கயிற்றைத் தரையில் தளர்வாகப் பரப்பிவிட்டு எறியுங்கள். கையில் சுருட்டிப் பிடித்தால் பாதியிலேயே சிக்கும். எடை கவட்டில் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். விடுபடும் வேகத்தில் நேராக முகத்துக்குத்தான் வரும். சில பூங்காக்களில் மரத்தில் எதையும் கட்டக் கூடாது. அங்கே கண்ணாடியிழைக் கழிதான் வழி. வானொலி உரிமம் பூங்காவுக்குள் எதையும் நிறுத்தும் அனுமதி ஆகாது. அதை வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

கம்பி உயரமாகப் போகவில்லையே என்று வருந்த வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸில் நான்கைந்து மீட்டர் உயரக் கம்பி அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அது அலையைத் திருப்பியனுப்பும் மேல்வான அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு இது வரம், மலைச்சுவர் குறுக்கே நிற்காது. தொலைவு வேண்டுமென்றால் பகலில் 14-க்கு மாறுங்கள்.

பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி என்றால் 76.8 வாட்-மணி, விமானத்தில் கைப்பையில் பொதுவாக அனுமதிக்கும் 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கும். உறைநிலைக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யாதீர்கள்.

பேச ஆள் கிடைப்பார்களா என்றால், ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’, 2002-இல் தொடங்கிய ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்று பூங்காக்களிலிருந்தும் மலைச் சிகரங்களிலிருந்தும் பேசுவதற்கான திட்டங்களில் உங்களைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. முதலாவதில் ஒரு பூங்கா கணக்கில் சேரப் 10 தொடர்புகள் வேண்டும்; இரண்டாவதில் சிகரத்துக்கான புள்ளி கிடைக்க 4 போதும். எல்லை தாண்டுகிறீர்கள் என்றால் அந்த நாட்டின் விதியை முன்கூட்டியே பாருங்கள். உங்கள் உரிமம் அங்கே தானாகச் செல்லாது.

ஆபத்துக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். கால் முறிந்தவர் கயிறு எறிந்து கம்பி கட்டுவாரா? வாக்கி-டாக்கி போன்ற கையடக்க செட் மலை உச்சியில் வெகுதூரம் பேசும், ஒரு முகடு இறங்கினால் ஊமை. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் கூவும் தனிநபர் அபாயக் கருவி ஒன்றை அதற்கென்று வாங்கிக்கொள்ளுங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால், எந்த அலைவரிசையில் ஆள் கேட்கிறாரோ அதில் கூப்பிடுங்கள். இடி காதில் விழுந்தால், பேச்சு பாதியில் இருந்தாலும் செட்டை நிறுத்திவிட்டுக் கம்பியை விட்டு விலகுங்கள்.

புறப்படும் முன் ஒருநாள் வீட்டருகே திறந்தவெளியில் எல்லாவற்றையும் கட்டி, பேசி, அவிழ்த்துப் பையில் வையுங்கள். மூன்று மணி நேரம் ஏறி உச்சியில் பையைத் திறந்தபோதுதான், பேட்டரியையும் செட்டையும் இணைக்கும் வயர் மேசைமேல் கிடப்பது எனக்கு ஒருமுறை நினைவுக்கு வந்தது. இப்போது அந்த வயர் பேட்டரியோடு சேர்த்து டேப் சுற்றியே இருக்கிறது.