தலை தேய்ந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது எப்படி? விளையாட்டுச் சாமான்கள் பற்றிய கேள்வி-பதில்

ஸ்க்ரூ கழலவில்லை என்று எழுதுபவர்கள் பலர் இரண்டு வேறு கோளாறுகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். தலையில் உள்ள பள்ளம் தேய்ந்து கருவி வழுக்குவது ஒன்று. மரை போய், ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே சுற்றுவது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்களுடையது எது என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: இன்லைன் ஸ்கேட்டில் சக்கரம் மாற்றப் போனேன். ஒரு அச்சு ஸ்க்ரூவின் ஆலன் கீ (அறுகோணச் சாவி) ஓட்டை வட்டமாகிவிட்டது. கீ சும்மா சுற்றுகிறது. என்ன செய்வது?

முதலில் அந்தக் கீயைக் கீழே வையுங்கள். வழுக்கும் ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் விளிம்பும் போகிறது. முதல் தடவை வழுக்கியதுமே நிறுத்தியிருந்தால் பாதி வேலை மிச்சம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பெரும்பாலான ஸ்கேட் அச்சுகளில் 4 மி.மீ. ஆலன் ஓட்டை இருக்கும். இல்லையென்றால் ஆறு முனை கொண்ட டார்க்ஸ் டி-25 இருக்கும். 4 மி.மீ. ஓட்டையில் மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 4.6 மி.மீ. வரும். டி-25 பிட்டின் அகலம் சுமார் 4.5 மி.மீ. அதனால் தேய்ந்த ஆலன் ஓட்டைக்குள் டி-25 பிட்டைத் தட்டி இறக்கினால், அதன் முனைகள் ஓட்டையின் சுவரைக் கடித்துப் பிடிக்கும்.

செய்யும் முறை இதுதான். ஓட்டைக்குள் இருக்கும் மண்ணையும் உலோகத் தூளையும் ஊசியால் சுரண்டி எடுங்கள். அடி பேரிங்கில் இறங்காமல் ஃப்ரேமில் இறங்கும்படி, ஃப்ரேமுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். பிட்டை நேராக நிறுத்தி, சின்னச் சுத்தியலால் அளவாகத் தட்டுங்கள். முதலில் மந்தமாகக் கேட்கும் சத்தம், பிட் அடியைத் தொட்டதும் கெட்டியாக மாறும். அங்கே நிறுத்திவிடுங்கள். அப்புறம் உடம்பின் எடையைக் கீழ்நோக்கிக் கொடுத்து, ராட்செட்டையோ டி வடிவக் கைப்பிடியையோ வைத்து மெதுவாகத் திருப்புங்கள். பவர் டிரில் வேண்டாம். வழுக்குவது கைக்குத் தெரிவதற்குள் அது பிட்டைச் சுழற்றித் தள்ளிவிடும்.

இரண்டு துண்டாக வரும் அச்சு என்றால் மறுபக்கத்தையும் ஒரு கீயால் பிடித்துக்கொள்ளுங்கள். சில அச்சுகளின் மரையில் நீல நிறப் பசை தடவியிருப்பார்கள். ஃப்ரேம் அலுமினியமாக இருந்தால் சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் மட்டும் ஓரிரு நிமிடம் வைத்தால் பசை இளகும். பிளாஸ்டிக், கார்பன் ஃப்ரேம் என்றால் சூடு காட்டாதீர்கள். டி-25 பிட்டும் சுற்றினால் ஒரு அளவு கூட்டி டி-27 தட்டிப் பாருங்கள். வெளியே வந்த அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

கேள்வி: சைக்கிள் ஷூவின் அடியில் உள்ள கிளீட்டின் (ஷூவைப் பெடலோடு மாட்டும் துண்டு) போல்ட்டும் அப்படித்தான் ஆகிவிட்டது. அதே வழிதானா?

அதே வழிதான். ஆனால் அதற்கு முன் ஒன்று பாருங்கள். நடக்கும்போது சிக்கிய மண் அந்த ஓட்டைக்குள் கல்லாக இறுகிப்போயிருக்கும். கீ பாதி ஆழம்தான் இறங்கும், அதனால்தான் வழுக்கும். தேய்ந்துவிட்டது என்று எனக்கு வரும் புகார்களில் பல, மண்ணை எடுத்ததும் தீர்ந்துவிடுகின்றன.

அதிலும் முடியாவிட்டால் தலையை டிரில் செய்துவிடலாம். பெரும்பாலும் எம்5 போல்ட்டுதான் இருக்கும். 5 மி.மீ. பிட்டை நட்டநடுவில் வைத்து, மெதுவான வேகத்தில், இடையிடையே ஆறவிட்டுத் துளையுங்கள். தலை தனியாகக் கழன்றுவிடும். கிளீட்டை எடுத்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பினால் போதும். இறுக்கம் முழுவதும் தலையால்தான். அது போனதும் தண்டு பெரும்பாலும் எளிதாகச் சுழலும்.

கேள்வி: கிரிக்கெட் ஹெல்மெட்டின் கிரில் ஸ்க்ரூ துருப்பிடித்து, தலையும் மழுங்கிவிட்டது. துரு எண்ணெய் ஸ்ப்ரே அடித்து ஊறவைக்கலாமா?

கூடாது. இங்கே நான் கண்டிப்பாகவே சொல்வேன். சில வகை எண்ணெய்களும் கரைப்பான்களும் ஹெல்மெட் ஓட்டின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். உள்ளே தெர்மோகோல் போன்ற ஃபோம் இருந்தால், பெட்ரோல் கலந்த எதுவும் அதைக் கரைத்துவிடும். ஹெல்மெட் வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும். பந்து வந்து அடிக்கும் நாளில்தான் தெரியும். சூடு காட்டுவதும் சுத்தியலால் தட்டுவதும் அப்படித்தான்.

அகலமான ரப்பர் பேண்டை ஸ்க்ரூ தலைமேல் விரித்து, அதன்மேல் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருப்புங்கள். மழுங்கல் லேசாக இருந்தால் இதிலேயே பிடிக்கும். தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் லாக்கிங் பிளேயரால் ஓரத்தைக் கவ்வித் திருப்பலாம். உள்பக்கம் நட்டு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால் தயாரித்தவர்களிடமே கொடுங்கள். திரும்ப மாட்டும்போது அவர்கள் தரும் ஸ்க்ரூவையே போடுங்கள். நீளம் கூடிய ஸ்க்ரூ உள்ளே நீட்டிக்கொண்டு தலையில் குத்தும்.

கேள்வி: பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்துவைக்கும் பைண்டிங்கின் ஸ்க்ரூவில் என் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் வழுக்குகிறது. இன்னொரு ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேலே வரவில்லை.

ஸ்கீ பைண்டிங்கில் இருப்பது உங்கள் ஸ்டார் டிரைவருக்குரிய பிலிப்ஸ் வகைத் தலை அல்ல, போசிட்ரிவ் வகை. தலையைக் கவனித்துப் பாருங்கள்: சிலுவையின் கைகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். அதற்குரிய பிட் பிஇசட்-3. அதை வாங்கினால் முதல் பிரச்சினை தீரும்.

சுற்றிக்கொண்டே இருப்பதில் மரை போய்விட்டது. பைண்டிங் தட்டுக்கு அடியில் மெல்லிய தகட்டை நுழைத்து மேல்நோக்கி நெம்பிக்கொண்டே திருப்பினால் வந்துவிடும். அதே ஓட்டையில் பழைய ஸ்க்ரூவை ஒட்டிச் சமாளிக்காமல் ஸ்கீ மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் மரை வைத்துத் தந்த பிறகு, பைண்டிங் சரியான விசையில் விடுபடுகிறதா என்று இயந்திரத்தில் சோதித்தும் தரச் சொல்லுங்கள். விழும்போது உங்கள் முழங்காலைக் காப்பது அதுதான்.

கேள்வி: சைக்கிளின் இடது பெடல் கழலவே இல்லை. ஸ்பேனர் பிடிக்கும் இடம் தேய ஆரம்பித்துவிட்டது.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்புங்கள். இதுவரை நீங்கள் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

கேள்வி: மீன்பிடி ரீலைச் சுத்தம் செய்ய அதன் குட்டி ஸ்க்ரூக்களைக் கழற்றவேண்டும். ஒன்று மழுங்கிவிட்டது. தேய்ந்த ஸ்க்ரூவைத் துளைத்து, உள்ளே கடித்துப் பிடித்துக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டர் செட் வாங்கலாமா?

இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்கு வேண்டாம். எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான எஃகு. மெல்லியது சட்டென்று உள்ளே உடைந்துவிடும். உடைந்த துண்டைச் சாதாரண டிரில் பிட் தொடக்கூட முடியாது. துளைத்தே ஆகவேண்டும் என்றால் இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட் வாங்குங்கள். துளைக்கும் திசையும் கழற்றும் திசையும் ஒன்று என்பதால், பல சமயம் துளைத்து முடிப்பதற்குள் ஸ்க்ரூவே வெளியே வந்துவிடும். மற்ற ஸ்க்ரூக்களைத் தொடுமுன் ரீல் எங்கே செய்யப்பட்டது என்று பாருங்கள். ஜப்பானில் செய்ததாக இருந்தால் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) வகை ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். பார்ப்பதற்குப் பிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும் பிலிப்ஸ் அதன் பள்ளத்தில் முழுதாக உட்காராது.