யானை வராத 14 நாட்கள்

வணக்கம் அக்கா,

நாங்கள் மூன்று பேர், அக்கரைப்பற்று. ஒலுவிலில் ஒன்றாகப் படித்தவர்கள். சேர்வர்களில் நேரம் குறித்து ஓடுகிற வேலைகளைக் கண்காணிக்க ஒரு கருவி செய்திருக்கிறோம். இரவு 2 மணிக்கு ஓட வேண்டிய பேக்கப் ஓடாவிட்டால் உரியவருக்கு மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் போகும். இப்போது 40 பேர் காசில்லாமல் பாவிக்கிறார்கள். அடுத்த மாதம் விலை வைக்கப் போகிறோம், மாதம் 5 டொலர் என்று யோசனை. நண்பர்களில் ஒருவர், கிரெடிட் காட் வாங்கிக்கொண்டு 14 நாள் ட்ரயல் கொடுப்போம் என்கிறார். மற்றவர், எல்லோருக்கும் இலவசமாக விட்டுப் பெரிய கொம்பனிகளிடம் மட்டும் வாங்குவோம் என்கிறார். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. எது நல்லது? பெயர் போட வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கருவிக்கு 14 நாள் ட்ரயல் சரிவராது. காட் கேட்டாலும் சரிவராது, கேட்காவிட்டாலும் சரிவராது. எப்போதும் இலவசமாக ஒரு சிறிய திட்டம் இருக்கட்டும். கட்டணத் திட்டத்தில் உள்ள கூடுதல் வசதிகளை மட்டும் சில நாட்கள் பாவித்துப் பார்க்க விடுங்கள். வேறொரு கருவியைப் பற்றிக் கேட்டிருந்தால் இதற்கு நேர்மாறாகவும் சொல்லியிருப்பேன். அதனால் காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

ஃப்ரீமியமா (எப்போதும் இலவசமான சிறிய திட்டமும் அதற்கு மேல் கட்டணத் திட்டமும்), ட்ரயலா (சில நாள் மட்டும் பாவித்துப் பார்ப்பது) என்று கேட்கும் முன், கருவியின் அருமை பாவிப்பவருக்கு எந்த நாளில் தெரியவரும் என்று கேளுங்கள். எருமைத் தயிரை ஒரு கரண்டி உள்ளங்கையில் விட்டால் போதும், சட்டியை வாங்குவதா இல்லையா என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிடும். புரோகிராம் எழுதும் மென்பொருளான இன்டெலிஜே ஐடியா அந்த வகை. முதல் நாளே கோட் எழுதும்போது கைக்கு விளங்கிவிடுகிறது, அதைச் செய்யும் ஜெட்பிரெய்ன்ஸ் கொடுக்கிற 30 நாள் ட்ரயல் அதற்குத் தாராளம். அது பாவிப்பவரின் கணினியிலேயே ஓடுவதால், ட்ரயலில் எத்தனை பேர் இருந்தாலும் கொம்பனிக்குச் சேர்வர் செலவு ஏறாது.

உங்களுடையது வயற்காவல். வேளாண்மை விளைந்து நிற்கும்போது பரணில் ஒருவர் இரவு முழுக்க விழித்திருக்கிறார். யானை வராத 14 இரவுகளை மட்டும் பார்த்தவருக்கு, இவருக்கு எதற்குக் கூலி என்றுதான் தோன்றும். ஒழுங்காகப் பராமரிக்கிற சேர்வரில் 14 நாளும் பேக்கப் தவறாமல் ஓடும். அவர் உங்கள் பக்கத்தில் பச்சைப் புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு 15ஆம் நாள் போய்விடுவார். மூன்றாம் மாதம் டிஸ்க் நிறைந்து பேக்கப் நின்றுபோகும். அந்த விடியலில் உங்கள் கருவி அவரிடம் இருந்திருக்க வேண்டும். இலவசத் திட்டம் அதற்காகத்தான். யானை வரும் நாள் வரைக்கும் உங்களைப் பரணில் இருக்க விடுகிறது.

காட் விஷயத்தில் உங்கள் முதல் நண்பரின் நோக்கம் விளங்குகிறது. காட் கொடுத்தவர்தான் உண்மையாக வாங்குவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் என்று நினைக்கிறார். ஆனால் டெவலப்பர் கருவியை முதலில் தொட்டுப் பார்ப்பவரிடம் கொம்பனியின் காட் இருக்காது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டுப் புரொஜெக்ட் செய்கிற பிள்ளையிடம் வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய காட்டே இருக்காது. அந்தப் பிள்ளை அடுத்த வருடம் வேலைக்குப் போகிற இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லப் போகிறவர். இந்தியாவில் 2021 ஒக்டோபரிலிருந்து காட்டில் தானாகக் காசு எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் கூடுதல் ஒப்புதல் விதிகள் இருக்கின்றன. ட்ரயல் முடிந்த அன்று எடுக்க முயன்றால் பல காட்கள் மறுத்துவிடும். மறந்துபோய்க் காசு பறிகொடுத்தவர் வங்கியில் முறையிட்டால் அந்தச் சச்சரவுக்கு நீங்கள் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டிவரும்.

இரண்டாவது நண்பர் சொல்வதிலும் ஒரு பிழை இருக்கிறது. பெரிய கொம்பனிகளிடம் மட்டும் வாங்குவது என்பதை, டெவலப்பர்களுக்கான மென்பொருள் செய்யும் டொக்கர் 2021 ஓகஸ்டில் செய்தது. 250 பேருக்குக் குறைவான ஊழியரும் வருடம் 1 கோடி டொலருக்குக் குறைந்த வருமானமும் உள்ள நிறுவனத்துக்கு டொக்கர் டெஸ்க்டொப் இலவசம், மேலே போனால் கட்டணம். டொக்கருக்கு அது முடியும். எந்த நிறுவனத்தில் எத்தனை பேர் என்று தேடிப் பார்க்க விற்பனை ஆட்கள் இருக்கிறார்கள், பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவும் பயந்து வாங்கும். மூன்று பேர் அக்கரைப்பற்றில் இருந்துகொண்டு அடுத்தவரின் ஆள்கணக்கைச் சரிபார்க்க முடியாது. இலவசம் முடிந்து கட்டணம் தொடங்குகிற வேலி, பாவனை வளரும்போது தானாகத் தட்டுப்படுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

எந்த இடத்தில்? கல்முனையில் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிற இருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கடைக்கு இரண்டு வேலை வரும். இரவு பேக்கப் ஒன்று, காலையில் பில்களை அனுப்புவது ஒன்று. 10 கடை என்றால் 20 வேலை. இலவச எல்லையை 20 இல் வைத்தால், 11ஆவது கடை வருகிற நாளில் அவர்கள் வேலியைத் தொடுவார்கள். அந்த நாளில் அவர்களிடம் புதிய வாடிக்கையாளரின் முற்பணம் இருக்கும், அதற்குள் குறைந்தது ஒரு பேக்கப்பாவது தவறி நீங்கள் அவர்களை எழுப்பியிருப்பீர்கள். 5 வேலை என்று வைத்தால் அருமை தெரியும் முன்பே முட்டிக்கொள்வார்கள். இதே தொழிலில் இருக்கிற ஹெல்த்செக்ஸ் 20 வேலைகளை இலவசமாகக் கொடுக்கிறது, அதற்குக் கீழே போனால் உங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இனிச் செலவு. ஃப்ரீமியத்தில் கவிழ்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள். ஒரு வேலை ஓடியதும் உங்கள் கருவிக்கு அனுப்புகிற சிறு செய்திதான் பிங். 5 நிமிடத்துக்கு ஒரு பிங் அனுப்புகிற வேலை ஒரு நாளில் 288 பிங், 30 நாளில் 8,640. 20 வேலை என்றால் 1,72,800. இப்படி 1,000 இலவசப் பாவனையாளர்கள் எல்லையைத் தொட்டு நின்றால் மாதம் 17.28 கோடி பிங், சராசரி நொடிக்கு 67. இது உச்சக் கணக்கு, உண்மையில் பெரும்பாலான வேலைகள் நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். ஆனாலும் எல்லாவற்றையும் சேமித்தால், ஒரு பிங்குக்கு 200 பைட் என்று வைத்தாலே மாதம் ஏறக்குறைய 35 ஜிகாபைட் ஏறும். இலவசத்தில் ஒரு வேலைக்குக் கடைசி 100 பிங்கை மட்டும் வைத்திருங்கள். அப்போது ஒருவருக்கு 400 கிலோபைட், 1,000 பேருக்கு 400 மெகாபைட், அதுக்கு மேல் வளராது. 20 வேலை கொடுப்பது உங்களைச் சாப்பிடாது, வரலாற்றைச் சேமிப்பதுதான் சாப்பிடும். ஆகவே ஒரு வருட வரலாறு கட்டணத் திட்டத்தில்.

எஸ்எம்எஸ் ஒன்றுக்கும் காசு போகிறது, நாட்டுக்கு நாடு விலை வேறு. ஒரு பழுதான வேலை இரவில் நின்று நின்று ஓடினால் ஒரே ஆளுக்கு 50 எஸ்எம்எஸ் போகும். அதை இலவசத்தில் வைக்கவே வேண்டாம். மின்னஞ்சல், டெலிகிராம், ஸ்லாக் போதும். கட்டணத் திட்டத்திலும் மாதத்துக்கு இத்தனை என்று எல்லை போடுங்கள்.

சராசரி 67 என்பதை நம்பிச் சேர்வர் எடுக்காதீர்கள். பெரும்பாலான சேர்வர்களின் கடிகாரம் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நள்ளிரவு வேலைக்கு எல்லோரும் 0 0 * * * (0 மணி 0 நிமிடம், தினமும்) என்றுதான் எழுதுவார்கள். அது நமக்குக் காலை 5.30. அந்த நிமிடத்தின் முதல் சில நொடிகளில் ஒரு நாளின் பெரும் பங்கு வந்து விழும். பிங் வந்தவுடன் வரிசையில் போட்டுவிட்டு 200 (கிடைத்தது) என்று பதில் கொடுங்கள், தரவுத்தளத்தில் எழுதுவது பிறகு நடக்கட்டும். வந்தவுடனே எழுதப் போனால் அந்த நொடிகளில் தரவுத்தளம் திணறும், பிங்குகள் தவறும், ஓடிய வேலைகளுக்கெல்லாம் ஓடவில்லை என்று எச்சரிக்கை போகும். அப்படி இரண்டு பொய் எச்சரிக்கை போனால் மூன்றாவதை ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

மாதம் 5 டொலர் வேண்டாம். இணையத்தில் காட் மூலம் பணம் வாங்கித் தருகிற ஸ்ட்ரைப் இலங்கை நிறுவனங்களுக்கு நேரடியாகக் கணக்குத் தருவதில்லை. பாடில் போல, விற்பனையாளராகத் தாங்களே நின்று ஒவ்வொரு நாட்டு வரியையும் கட்டிவிடுகிற சேவை மூலம்தான் நீங்கள் போக வேண்டியிருக்கும். பாடிலின் கட்டணம் விற்பனைக்கு 5 சதவீதமும் 50 சதமும். 5 டொலரில் 75 சதம் போய்விடும், அது 15 சதவீதம். 19 டொலரில் போவது 1.45 டொலர், 8 சதவீதத்துக்கும் குறைவு. வருடத்துக்கு 190 என்று ஒரே தடவையில் வாங்கினால் போவது 10 டொலர். 19, 190 இரண்டையும் வையுங்கள். மாதச் செலவு சேர்வருக்கு 40, மின்னஞ்சலுக்கு 15, மொத்தம் 55 என்று எடுத்துக்கொண்டால், ஆளுக்கு 17.55 டொலர் கையில் நிற்கும்போது நாலு பேர் கட்டினாலே எல்லா இலவசப் பாவனையாளரின் செலவும் அடங்கிவிடும். 5 டொலரில் 13 பேர் வேண்டும். இந்தச் சேவைகள் உங்கள் தளத்தைப் பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். விலை, நிபந்தனை, பணம் திருப்பும் விதி, தனியுரிமை என்று நாலு பக்கமும் முதலே எழுதி வைத்துவிட்டு விண்ணப்பியுங்கள். அனுமதி வரும் முன் விலையை அறிவிக்காதீர்கள்.

உங்கள் நேரத்தையும் செலவில் சேருங்கள். 1,000 பேரில் பத்துக்கு ஒருவர் மாதம் ஒரு கடிதம் போட்டால் 100 கடிதம், ஒன்றுக்கு 10 நிமிடம் என்றால் 16 மணித்தியாலத்துக்கு மேல். கட்டணம் கட்டியவருக்கு ஒரு வேலைநாளுக்குள் பதில் என்று எழுதுங்கள், இலவசத்துக்குக் கால எல்லை சொல்லாதீர்கள்.

இப்போது ட்ரயலுக்கு வருகிறேன், அதற்கு உங்கள் கருவியிலும் ஒரு இடம் உண்டு. புதிதாக வருகிற எல்லோருக்கும் கட்டணத் திட்டத்தை 14 நாள் திறந்துவிடுங்கள், காட் கேட்காமல். எஸ்எம்எஸ், நீண்ட வரலாறு, கூட்டாளிகளைச் சேர்ப்பது எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். கடிகாரம் கணக்குத் திறந்த நேரத்திலிருந்து ஓடக்கூடாது, முதல் பிங் வந்த நேரத்திலிருந்து ஓட வேண்டும். வெள்ளி இரவு கணக்குத் திறந்தவர் சேர்வரில் பிங் அனுப்பும் அந்த ஒரு வரியைப் போடுவது அடுத்த புதன்கிழமையாக இருக்கலாம், அந்த ஐந்து நாளையும் அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.

14 நாள் முடிந்ததும் என்ன நடக்கும் என்பதில்தான் உங்கள் மானம் இருக்கிறது. ஒருவரிடம் 31 வேலை இருக்கிறது, எல்லை 20. மீதி 11 ஐச் சத்தமில்லாமல் நிறுத்தினால் அவர் காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு தூங்குவார். கண்காணிப்புக் கருவி செய்யக்கூடிய மிகப் பெரிய துரோகம் அது. இருக்கிற 31 உம் ஓடட்டும், புதிதாகச் சேர்ப்பதை மட்டும் மறியுங்கள். 14 நாள் அவகாசம் கொடுங்கள், எந்த 20 ஐ வைத்திருப்பது என்று அவரே தெரிவு செய்யட்டும். நிறுத்துகிற அன்று, நிறுத்தப்பட்ட ஒவ்வொரு வேலையின் பெயரையும் எழுதி மின்னஞ்சல் போடுங்கள். டொக்கரின் மென்பொருள் களஞ்சியமான டொக்கர் ஹப் 2020 நவம்பரில் பெயர் பதியாதவருக்கு 6 மணித்தியாலத்துக்கு 100 தரவிறக்கம் என்று ஐபி முகவரி வாரியாக எல்லை வைத்தபோது, ஒரே முகவரிக்குப் பின்னால் இருந்த அலுவலகங்களில் ஒருவர் எடுத்ததற்கு மற்றவரின் பில்ட் (மென்பொருளைக் கட்டும் வேலை) நடுவில் நின்றது. வேலி என்பது உரியவர் பகலில் பார்க்கிற இடத்தில் தட்டுப்பட வேண்டும், இரவு ஓடுகிற வேலையின் குறுக்கே விழக்கூடாது.

இலவசம் என்று திறந்தால் களவும் வரும். கோட்டைச் சேமித்து ஓட்டிப் பார்க்க இடம் தரும் கிட்லாப் 2021 மே மாதத்தில் இலவசப் பாவனையாளரிடம் காட் சரிபார்ப்புக் கேட்கத் தொடங்கியது, இலவசக் கணினி நேரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களால். நீங்கள் கணினி நேரம் கொடுக்கவில்லை, அதனால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எச்சரிக்கை மின்னஞ்சலை அடுத்தவரின் முகவரிக்குத் திருப்பி ஸ்பாம் அனுப்பப் பார்ப்பார்கள். முகவரிக்குரியவர் உறுதிப்படுத்தும் வரை ஒரு எச்சரிக்கையும் போகக்கூடாது. வெப்ஹூக் (பாவனையாளர் தருகிற இணைய முகவரிக்கு உங்கள் சேர்வர் அழைப்பு அனுப்புவது) கொடுப்பதாக இருந்தால், கிளவுட் சேர்வர் தன் விபரங்களைத் தருகிற 169.254.169.254 போன்ற உள் முகவரிகளுக்கு அழைப்புப் போவதைத் தடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சேர்வரின் இரகசியச் சாவிகளை உங்கள் சேர்வரே எடுத்துக் கொடுக்கும்.

இலவசத்தைக் கூட்டுவது சுலபம், குறைப்பது பாரதூரம். இணையச் செயலிகளை ஓட்ட இடம் தரும் ஹெரோகு 2022 நவம்பர் 28 இல் இலவசத் திட்டங்களை நிறுத்தியபோது, ஆண்டுக்கணக்காக அதில் படித்து வளர்ந்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். கோட் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் மறுபக்கத்தால் வந்தது. 2022 இல் 60 நாள் ட்ரயலும் மாதம் 10 டொலருமாகத் தொடங்கி, 2024 டிசம்பரில்தான் மாதம் 2,000 கோட் நிரப்புதலும் 50 உரையாடலும் கொண்ட இலவசத் திட்டத்தைத் திறந்தது. ஆகவே 20 வேலை, 100 பிங், ஒரு கணக்கில் 2 பேர் என்று இறுக்கமாகத் தொடங்குங்கள். 90 நாள் கழித்துப் பாருங்கள். கணக்குத் திறந்தவரை எண்ணாதீர்கள், தொடர்ந்து 7 நாள் பிங் அனுப்பியவரை எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேர் எல்லைக்கு அருகில் வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் கட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். ஒருவரும் எல்லைக்கு அருகிலேயே வராவிட்டால் வேலி தூரத்தில் இருக்கிறது, வந்து திரும்பிப் போனால் விலையிலோ வசதியிலோ பிழை.

கடைசியாக அந்த 40 பேர். விலைப் பக்கம் திறக்க ஒரு மாதம் முதலே அவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். இப்போது அவர்களிடம் இருக்கிற எல்லாம் இன்னும் ஒரு வருடம் அப்படியே இருக்கும் என்று திகதி போட்டுச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்திலேயே, எங்கள் கருவி எப்போதாவது உங்களை இரவில் எழுப்பியதா, எதற்காக என்று ஒரு கேள்வி கேளுங்கள். வருகிற பதில்களை, எழுதியவரின் சம்மதத்தோடு, விலைப் பக்கத்தில் 19 டொலருக்குப் பக்கத்தில் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா
மட்டக்களப்பு