பாய் நெய்வது தப்பித்தலா?

கேள்வி: ஒரு தொண்டு நிறுவனத்தில் காசநோய்க் களப்பணியாளராக ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெளிநாட்டு நிதி நின்றதும் திட்டத்தை மூடிவிட்டார்கள். இப்போது பத்தமடையில் உறவினர் வீட்டுத் தறியில் கோரைப் பாய் நெய்யப் பழகுகிறேன். நெய்யும்போது மனம் அமைதியாக இருக்கிறது; எழுந்ததும், யார் யார் மருந்தைப் பாதியில் விட்டார்களோ என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இப்படி ஆறுதல் தேடுவது சரியா? “பழகியது போதும், விற்கிற வழியைப் பார்” என்கிறார் அம்மா.
- வாசகி, சேரன்மகாதேவி

பதில்: கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, கத்தியால் மெல்லிய இழைகளாக வகிர்ந்து, பாவு நூலுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்து நெருக்கும் வேலையில் வேறு கவலைக்கு இடம் இல்லாமல் போவது அந்த வேலையின் இயல்பே தவிர, உங்கள் நெஞ்சின் குறை அன்று. மணமக்களின் பெயரைக் கல்யாணப் பாயிலேயே நெய்து கொடுக்கும் ஊர் அது; எழுத்தில் ஒரு கொம்பு பிசகினால் மாப்பிள்ளையின் பெயரே மாறிவிடும்.

உங்கள் நிறுவனத்துக்கு எங்கிருந்து நிதி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்து, ஜூலை 1 அன்று அந்த உதவியை வழங்கிவந்த யூ.எஸ்.எய்டு அமைப்பையே முடிவுக்குக் கொண்டுவந்ததில் பல நாடுகளின் சுகாதாரப் பணிகள் முடங்கின. எங்கோ எடுத்த முடிவுக்கு நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை.

ஆனால் தறியை விட்டு எழுந்ததும் வருகிற அந்த நினைப்பை அடக்காதீர்கள், அது நியாயமானது. வழக்கமான காசநோய் சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. இருமல் நின்றதும் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களைத் தேடிப் போய்ப் பேசியவர் நீங்கள். மருந்து இன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஊட்டச்சத்துக்கான உதவித்தொகையும் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். நின்றுபோனது வீட்டு வாசலில் கேட்ட உங்கள் குரல்தான். நினைவில் உறுத்துகிறவர்களைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தின் காசநோய்ப் பணியாளரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அரை நாள் வேலை; அதற்கு நிதி தேவையில்லை. மற்றவர்களிடம் நோயாளிகளின் பெயரைப் பேச வேண்டாம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் கவலை வயிற்றுப்பாட்டைப் பற்றியது, அதில் தவறில்லை. வேறு வேலையும் தேடுங்கள். முதல் பாயை மட்டும் விற்க முயல வேண்டாம். அதன் ஓரம் எப்படியும் கோணிக்கொண்டுதான் இருக்கும். பத்தமடைக்காரர்கள் அதற்கு விலை சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கே படுக்கக் கொடுத்துவிடுங்கள்.