கராஜில் கிடக்கிற பாத்திரம்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். ஆறு வருஷமாக அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், செல்மாவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு குட்டி ஊரில் இருக்கிறோம். கணவர் அங்கே டாக்டர். விசாவுக்காக மூன்று வருஷம் கிராமத்தில் வேலை பார்த்தாக வேண்டும் என்று வந்தோம். அது முடிந்தும் அவர் கிளம்ப மாட்டேன் என்கிறார். ஊரில் ஒரே ஒரு சிக்னல், ஒரு டாலர் கடை, திரும்பின பக்கமெல்லாம் சர்ச். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, 'எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?' இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. இரண்டாவது குழந்தை பிறந்தபோது மட்டும் பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மக்ரோனி கொண்டுவந்து கொடுத்தார். முட்டை சேர்த்திருப்பாரோ என்று நாங்கள் சாப்பிடவில்லை. அந்தப் பாத்திரம்கூட, அடியில் என்னவோ பெயர் எழுதி டேப் ஒட்டியபடி, நாலு வருஷமாகக் கராஜில் கிடக்கிறது. பெரியவன் மட்டும் அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து வேகவைத்த கடலை தின்றுவிட்டு வருவான். அட்லாண்டா போனால் தமிழ்ப் பள்ளி, கோயில், நம்மவர்கள் எல்லாம் உண்டு. கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: அட்லாண்டாவை அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பாத்திரம்.

சாப்பிடாததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். முட்டை சேர்க்காத வீடு என்றால் சேர்க்காத வீடுதான். அந்தப் பக்கத்தில் மக்ரோனியை ஓவனில் வைக்கும்போது முட்டை அடித்து ஊற்றுவதும் உண்டு. உங்கள் சந்தேகம் நியாயம். பாத்திரத்தைக் கழுவியிருப்பீர்கள், அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கழுவின பாத்திரம் ஏன் சமையலறை அலமாரிக்குப் போகவில்லை, அதைச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்க மறந்திருந்தால் அது உங்கள் குக்கர் பக்கத்தில் அல்லவா இருக்கும்? பெயின்ட் டப்பாவுக்கும் பழைய டயருக்கும் நடுவில் அதற்கு என்ன வேலை?

என் பாட்டி வீட்டில் கொல்லைப்புறம் இறவாணத்தில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். விளிம்பு நெளிந்து, அடி கறுத்துப்போன டம்ளர். காட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு மோர் அதில்தான். குடித்தவர்களே கழுவித் திரும்பச் செருகிவிட்டுப் போவார்கள். ஏன் உள்ளே வைக்கவில்லை என்று சின்ன வயதில் கேட்டேன். "அது அங்கேயே இருக்கட்டும்டி" என்றார். பாட்டி குரலில் வெறுப்போ கோபமோ எதுவும் கிடையாது, உப்பு ஜாடியை எடுத்து வைக்கச் சொல்வது போலத்தான் சொன்னார். உங்கள் கடிதத்தில் 'கராஜில் கிடக்கிறது' என்று படித்தபோது எனக்கு அந்த டம்ளர் கண்முன் வந்தது. நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்பீர்கள். பாட்டியும் நினைத்துச் செய்தவரில்லை.

இது வேறு எந்த ஊரிலாவது நடந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். நீங்கள் இருக்கிற பகுதிக்குப் பிளாக் பெல்ட் என்று பெயர். முதலில் அங்கிருக்கும் கறுத்த மண்ணால் வந்த பெயர். நம் கரிசலைப் போலவே பருத்திக்கென்று பேர்போன மண். அந்தப் பருத்தியை எடுக்க அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் நிறைந்த பகுதி என்ற அர்த்தம் பிறகு சேர்ந்தது. செல்மா பாலத்தில் 1965 மார்ச் 7 அன்று, ஓட்டுரிமை கேட்டு நடந்துபோனவர்களைப் போலீஸ் தடியால் அடித்துத் துரத்தியது. எழுபதைத் தாண்டியவர் என்றால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. கறுப்பருக்குத் தனிக் குழாய், தனி வாசல் என்று வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். தன் பாத்திரம் இன்னொருவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை என்றால் அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே 1965-ல்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தையும் மாற்றினார்கள். அதற்கு முன் இந்தியாவுக்கான ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். அந்தக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிவாங்கிய காலத்தின் சூட்டில்தான் அந்தக் கதவும் திறந்தது. அந்த வழியாகத்தான் நம் டாக்டர்களும் என்ஜினியர்களும் போனார்கள். நீங்கள் அங்கே வீடு வாங்கிக் கராஜ் கட்டியிருப்பதில் அந்த மக்களுக்கும் பங்கு உண்டு.

'என்னவோ பெயர்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏம்மா, நாலு வருஷமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பெயரை ஒருநாள் திருப்பிப் பார்த்துப் படிக்க முடியவில்லையா? நாம் எவர்சில்வரில் பெயர் வெட்டுகிறோமே, அந்த வேலைதான் அந்த டேப். சாவு வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சர்ச் விருந்துக்கும் போகிற பாத்திரம் வீடு தெரிந்து திரும்பிவர வேண்டும் என்று ஒட்டுவது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்கிற வழக்கம் அங்கேயும் இருக்கிறது. உங்கள் அம்மா ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போடாமல் யார் வீட்டுச் சொம்பையாவது திருப்பிக் கொடுத்திருப்பாரா?

ஒருவரும் கூப்பிடவில்லை என்று குறைப்படுகிறீர்கள். ஒருவர் கூப்பிட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை. சின்ன ஊரில் இந்தச் சேதி எவ்வளவு தூரம் போகும் என்று கோவில்பட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? சர்ச் கேள்வியும் அப்படித்தான். நம் ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "நீங்க எந்த ஊரு, யாரு வீடு?" என்று எதைத் துழாவுகிறார் என்பது நமக்குத் தெரியாதா? அதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிப் பழகியவர்கள், "நாங்க கோயிலுக்குப் போறவங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரலாமே.

உங்கள் கணவர் விஷயம். டாக்டர் கிடைக்காத ஊரில் வாரம் 40 மணி நேரம் வீதம் 3 வருஷம் வேலை பார்த்தால், படிப்பு முடிந்து 2 வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்ற நிபந்தனையைத் தள்ளுபடி செய்கிறார்கள். 1994-லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரு மாநிலம் வருஷத்துக்கு 30 பேரைச் சிபாரிசு செய்யலாம். எண்ணி 3 வருஷம் இருந்துவிட்டுப் பெட்டி கட்டுகிறவர்களும் உண்டு. அவர் கட்டவில்லை. ஏன் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, சம்மதிக்க வைக்க வழி மட்டும் கேட்கிறீர்கள். அலபாமாவில் பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியே இல்லாத கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி, பல. நீங்கள் எத்தனை மைல் கார் ஓட்டிப் போய்ப் பிள்ளை பெற்றீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஊரிலிருந்து ஒரு டாக்டர் கிளம்புவதும் சென்னையில் ஒரு டாக்டர் கிளினிக்கை மாற்றுவதும் ஒன்றில்லை. குடும்பம் முக்கியம்தான், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் ஊரும் பக்கத்து வீடும் குடும்பத்தில் சேராது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழ்ப் பள்ளி வாரத்தில் ஒருநாள். மற்ற ஆறு நாளும் வீட்டில் நீங்கள் பேசுவதுதான் பிள்ளைக்குத் தமிழ். கோயில் வேண்டுமா, ஒரு சனிக்கிழமை அட்லாண்டா பக்கத்து ரிவர்டேல் பெருமாளைப் பார்த்துவிட்டு வாருங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? தனிமை கொல்கிறது என்றால் அதைச் சொல்லிக் கணவரிடம் நேராகப் பேசுங்கள். அது மெய்யான காரணம், அதற்காக ஊர் மாறுவதில் தப்பில்லை. இந்தப் பாத்திரத்தைக் கராஜில் விட்டுவிட்டு மட்டும் மாறாதீர்கள்.

இந்த வாரம் கடலை மிட்டாய் செய்யுங்கள். கோவில்பட்டிக்காரருக்குப் பாகுப் பதம் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் கடலையை வேகவைக்கிறவர், நீங்கள் வறுத்துப் பாகில் போடுகிறவர். பேச்சுக்கு அது போதும். பெரியவனிடம் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே கொண்டுபோங்கள். நாலு வருஷத் தாமதத்துக்குக் காரணம் எதுவும் ஜோடிக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். உட்காரச் சொன்னால் வராந்தாவில் உட்காருங்கள்.

பாத்திரத்தைக் கழுவும்போது அந்த டேப் நனைந்து உரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பெயரைப் படித்துவிடுங்கள்.