பீஸ் எங்கே குவிகிறது?

கேள்வி: திருப்பூரில் 12 பேருடன், பிறர் ஆர்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். வட்டக்கழுத்து டீ-சர்ட் ஒரு நாளைக்கு 600-ஐத் தாண்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஊக்கத்தொகை அறிவித்தேன், பிழையைத் திருத்தத் திரும்பி வரும் ஆல்ட்ரேஷன் பீஸ்தான் கூடியது. கண்டிப்பான சூப்பர்வைசர் ஒருவரை வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அந்தச் சம்பளம் மிச்சமாகட்டும். மதியம் மூன்று மணிக்குத் தையல் டேபிளைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். யார் முன்னால் பீஸ் குவிந்து கிடக்கிறது, அவருக்கு அடுத்து யார் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு வேலையிலும் பத்துப் பீஸுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன். 8 மணி நேர ஷிப்டில் இடைவேளை போக 450 நிமிடம், அதாவது 27,000 நொடி. ஷோல்டர் அடிக்க 20 நொடி, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டி) ஏற்ற 45, கை ஏற்ற 40, சைடு அடிக்க 40, பாட்டம் மடிக்க 30 என்று வைத்துக்கொள்வோம். ஷோல்டரில் இருப்பவரால் 1,350 பீஸ் அடிக்க முடியும். கழுத்தில் இருப்பவரால் 600தான். மற்றவர்கள் பறந்து பறந்து தைத்தாலும் மாலையில் செக்கிங்குக்கு வருவது அந்த 600தான்.

இந்த நிலையில் ஷோல்டருக்குத் தனி ஊக்கத்தொகை கொடுத்தால் குவியல் உயரும், அவ்வளவுதான். கழுத்தில் இருப்பவர் குவியலைப் பார்த்து அவசரப்படுவார். ரிப் சுருங்கும், கழுத்து கோணும். உங்கள் ஆல்ட்ரேஷனில் பெரும்பகுதி அங்கிருந்து வந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஷோல்டர், கழுத்து இரண்டுமே ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துப் பிசிறில்லாமல் தைக்கும் மெஷின்) வேலை. எனவே ஷோல்டர் டைலருக்குக் கழுத்து ஏற்றவும் பழக்குங்கள். 675 பீஸுக்கு ஷோல்டர் அடிக்க 13,500 நொடி, சரியாக அரை நாள். கை பழகியபின், மீதி அரை நாளில் அதே மெஷினில் 300 கழுத்து ஏற்றிவிடுவார். கழுத்து 900 ஆகிறது. ஆனால் டீ-சர்ட் 900 வராது. இப்போது கையும் சைடும் 675-ல் இழுத்துப் பிடிக்கும். பரவாயில்லை. புது மெஷின் வாங்காமல் 75 பீஸ் கூடியிருக்கிறது, அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. ரிப்பை முன்கூட்டியே இணைத்து, நான்கு இடங்களில் அடையாளம் வைத்து ஹெல்பர் அடுக்கித் தந்தால் கழுத்து நேரமே குறையும், அதையும் செய்யுங்கள். இரண்டு வேலை தெரிந்தவர் இருந்தால் திங்கட்கிழமை ஆள் வராத தொல்லையும் பாதி தீரும்.

ஒன்றில் மட்டும் கவனம். கடிகாரத்தோடு திடீரென்று போய் நின்றால் எல்லோரும் மெதுவாகத் தைப்பார்கள். வேகத்தைக் காட்டினால் முதலாளி பீஸ் ரேட்டைக் குறைப்பார் என்ற பயம் அது. பல யூனிட்டுகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. எதற்காக நேரம் பார்க்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். இந்த ஆர்டர் முடியும்வரை ரேட் குறையாது என்று எழுதி ஒட்டுங்கள்.

ஊக்கத்தொகையை விட வேண்டியதில்லை, கணக்கை மாற்றுங்கள். செக்கிங்கில் தேறிய பீஸுக்கு மட்டும், 600-க்கு மேல் வருவதற்கு இவ்வளவு என்று வைத்து, ஹெல்பர் உட்பட எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள். சனிக்கிழமை சம்பளத்தோடு கையில் வர வேண்டும். தீபாவளி போனஸோடு சேர்த்துத் தருகிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டி எண்ணிக்கையைக் காட்டும் ஆசை வேண்டாம். சட்டப்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, இரவு எட்டு மணிக்கு மேல் தைத்தது காலையில் ஆல்ட்ரேஷனாகத் திரும்பும்.

ஒரு வாரத்துக்கு மெஷின்கள் நின்ற நேரத்தையும் காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "கட்டிங் பீஸ் வரவில்லை", "லேபிள் வரவில்லை" என்பவையே அதிகம் என்றால், டேபிளில் இருப்பவர்களை விட்டுவிட்டு, ஆர்டர் கொடுத்தவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.