காமிக் கானுக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஜப்பானிய அனிமே (அசைவூட்டப் படங்கள்), மாங்கா (சித்திரக்கதைகள்) என்றால் உயிர். சென்னையில் நடக்கும் காமிக் கான் என்ற சித்திரக்கதை ரசிகர் விழாவுக்கு, தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் உடையைத் தானே தைத்து அணிந்து போக விரும்புகிறாள். திருப்பூரில் துணி எடுத்து வந்து, விடுமுறை நாளெல்லாம் தையல் இயந்திரத்தின் முன்னால்தான் இருக்கிறாள். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அனுப்பலாமா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா, இயன்றால் நீங்களும் உடன் செல்லுங்கள். உங்கள் மகள் செய்வது வெறும் வேடிக்கை அன்று. படத்தில் மட்டுமே இருக்கும் ஓர் உடையைப் பார்த்து, அளவெடுத்து, வெட்டி, உடலுக்குப் பொருந்தத் தைப்பது தேர்ந்த கைவேலை. காஸ்ப்ளே எனப்படும் இக்கலையை மதிக்கும் கூட்டம் அங்கே இருக்கும்.

இத்தகைய கூடல்களின் வேர் ரசிகர்களின் சொந்த முயற்சியில்தான் இருக்கிறது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் காமிக்கெட் என்ற ரசிகர்களின் சித்திரக்கதைச் சந்தை முதன்முதலில் நடந்தபோது, 32 குழுக்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட சிறு புத்தகங்களை மேசைகளில் பரப்பி விற்றன. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். இன்று ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் குளிர்காலத்திலும், டோக்கியோ பிக் சைட் அரங்கில் லட்சக்கணக்கானோர் திரளும் அந்தச் சந்தையில் இப்போதும் முதலிடம் ரசிகர்கள் தாங்களே வரைந்து வெளியிடும் அந்த மரபுக்குத்தான். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கிளாம்ப் என்ற பெண் ஓவியர் குழுவும் இப்படிச் சொந்தமாக வெளியிட்டு வளர்ந்ததே.

சென்னையில் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதன்முறையாக நடந்தது. அது அனிமேவுக்கு மட்டுமான விழா அன்று. அமெரிக்க நாயகர்களும் இந்தியச் சித்திரக்கதைகளும் வீடியோ விளையாட்டுகளும் கலந்தே இருக்கும். பெரிய நிறுவனங்களின் கடைகளில் பொம்மையும் சட்டையும் வாங்கிக் கையிருப்பைக் கரைப்பதைவிட, ஓவியர்கள் தங்கள் படைப்புகளோடு அமர்ந்திருக்கும் வரிசையில் அவள் நேரம் செலவிடட்டும் என்பதே என் உறுதியான கருத்து. எந்தத் தாளில் அச்சிட்டார்கள், எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டால், அதை நேரில் செய்தவர்களே விளக்குவார்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். உலோக வாளோ கூரான பொருளோ வேண்டாம். வாயிலில் சோதனை உண்டு. ஆயுதங்களை ஃபோம் அட்டையில், கழற்றி மாட்டும்படி செய்தால் ரயிலிலும் தொல்லையில்லை. கோவையிலிருந்து இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் சென்று, ஆட்டோ பிடித்துவிடலாம். பயணத்தில் சாதாரண உடையே போதும். காமிக்கெட்டில் வீட்டிலிருந்தே வேடமிட்டு வரக்கூடாது என்பது விதி. அரங்கிலேயே உடை மாற்ற இடம் தருகிறார்கள். சென்னையில் அத்தகைய வசதி உண்டா என்பதை நுழைவுச்சீட்டு எடுக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். அவளைப் படமெடுக்க விரும்புகிறவர் அனுமதி கேட்க வேண்டும். தொடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. வேடமணிந்தது சம்மதம் ஆகாது என்பது உலகெங்கும் இத்தகைய விழாக்களில் வலியுறுத்தப்படும் நெறி. இதை அவளிடம் தெளிவாகச் சொல்லி, மறுக்கத் தயங்க வேண்டாம் என்றும், அத்துமீறினால் உடனே அமைப்பாளர்களிடம் முறையிட வேண்டும் என்றும் கூறுங்கள்.

அவள் வரையவும் செய்கிறாள் என்றால், இவ்வாண்டு பார்வையாளராகப் போய்வரட்டும். பிறகு ஒரு சிறு கதையைப் பதினாறு பக்கங்களில் முடித்து, கோவையிலேயே அச்சிட்டு, அடுத்த விழாவில் ஓவியர் மேசைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.