வண்டியைத் தூக்குமுன்: பெரிய டயர், முன்பக்க சஸ்பென்ஷன் – கேள்வி-பதில்

கேள்வி (பொள்ளாச்சி): ஐயா, என்னுடையது 2016 மாடல் பழைய மஹிந்திரா தார் ஜீப். கம்பெனி அளவான 235/70 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 போட்டேன். அது இடிக்காமலிருக்க முன்பக்கத்தை உயர்த்தும் ‘இரண்டு அங்குல லிஃப்ட் கிட்’ என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்றே மாதத்தில் சிவி பூட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்துவிட்டது. டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது. பள்ளத்தில் இறங்கித் திரும்பினால் மட்கார்டில் உரசுவதும் நிற்கவில்லை. வேறொரு மெக்கானிக் அடியில் பார்த்துவிட்டு, புதிய பாகம் எதுவுமே இல்லை என்கிறார்.

பதில்: அந்த மெக்கானிக் சொல்வது சரியென்றால், டார்ஷன் பாரின் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை இருபுறமும் சில சுற்று முறுக்கியதற்குத்தான் உங்களிடம் 38,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இந்த ஏமாற்று பல ஆண்டுகளாக நடந்துவருவதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்னும் நீளமான எஃகுக் கம்பி ஒன்று, ஒரு முனையில் சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மையும் மறுமுனையில் சேஸிஸையும் பிடித்துக்கொண்டு, முறுக்கத்தால் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. சேஸிஸ் பக்கத்துப் போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் உயரும். ஆனால் வீல் மேலும் கீழும் போய்வரும் மொத்தத் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுவதால், சிறு பள்ளத்திலேயே ஆர்ம் தன் எல்லையில் போய் முட்டும். அந்தத் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட் எப்போதும் அதிகமாக மடங்கிய கோணத்தில் சுழல்வதால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவும் (கேம்பர்), உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவும் (டோ) மாறுவதால் டயர் ஓரம் தேயும். ஒரு டயர் பொருந்துமா என்பதை வீல் முழுவதும் மேலே ஏறி, ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பியிருக்கும் நிலையில்தான் சோதிக்க வேண்டும். வீல் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்கும்போது, போல்ட்டை எத்தனை சுற்று முறுக்கினாலும் அந்த நிலையில் கிடைக்கும் இடைவெளி மாறாது. அதனால்தான் உங்கள் டயர் இன்னும் மட்கார்டில் உரசுகிறது.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. இதே வகை வண்டிக்கு இதே ‘கிட்’டைப் பணம் கொடுத்துப் போட்டுக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினேன். அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வந்தது. ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தபோது, வீலின் உட்புறத்தில் கருப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தது. பூட்டின் கிழிசலுக்குள் என் விரல் நுழைந்தது. திரும்பி வந்து கேட்டபோது அந்தப் பட்டறைக்காரர் பில்லை எடுத்துக் காட்டினார். அதில் ‘சஸ்பென்ஷன் வேலை’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லை. எந்தப் பாகத்தைப் போடுவதாகச் சொன்னார் என்பதை நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

உங்கள் பில்லில் ‘லிஃப்ட் கிட்’ என்று எழுதியிருந்தால் உங்கள் நிலை என்னுடையதைவிட நல்லது. முதலில் வண்டியின் அடிப்பாகத்தைப் படமெடுத்து, புதிய பாகம் இல்லை என்பதை வேறொரு பட்டறையில் எழுத்தாக வாங்குங்கள். பிறகு போல்ட்டைப் பழைய உயரத்துக்கு இறக்கி, பூட்டை மாற்றி, கம்பெனி அளவு டயரையே போட்டு ஓட்டுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தயங்காமல் போங்கள், நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கேள்வி (திண்டுக்கல்): மாருதி ஜிம்னிக்கு இரண்டு அங்குலம் உயரமான ஸ்பிரிங்கும், 195/80 ஆர்15க்குப் பதிலாக 235/75 ஆர்15 டயரும் போட்டேன். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக உதறுகிறது. மூன்று முறை வீல் பேலன்ஸிங் செய்தும் பலனில்லை.

பதில்: நான்காவது முறை செய்யாதீர்கள். ஜிம்னியின் முன் ஆக்சில் ஒரே துண்டானது. உயரமான ஸ்பிரிங் போடும்போது ஆக்சில் லேசாக உருண்டு, சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு (காஸ்டர்) குறைகிறது. ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது அந்தச் சாய்வினால்தான். உயரம் கூடும்போது, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடும் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். கிட் விற்றவர் காஸ்டரைச் சரிசெய்யும் புஷ்களையும், நீளத்தை மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தாரா என்று பாருங்கள். சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங்குகளையும் சோதித்து, அலைன்மென்ட் அளவுகளை அச்சிட்ட தாளாகக் கேட்டு வாங்குங்கள். இவை சரியாகும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): லிஃப்ட் செய்யாமல், வீலை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் தட்டு மட்டும் வைத்துப் பெரிய டயர் போடலாமா?

பதில்: கூடாது; டயர் வெளியே தள்ளி நின்று, திரும்பும்போது மட்கார்டில் இன்னும் மோசமாக இடிக்கும்.

கேள்வி (சென்னை): புது தார் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. தள்ளுபடியில் கிடைத்ததால் 285/70 ஆர்17 டயர்களை வீலோடு வாங்கிவிட்டேன். இப்போது இடிக்கும் என்கிறார்கள். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா? போலீஸ் பிடிக்குமா?

பதில்: நீங்கள் கேட்ட அளவைத்தான் கடைக்காரர் கொடுத்திருக்கிறார், அவர்மீது என்ன புகார் கொடுப்பீர்கள்? உங்கள் வண்டியின் 255/65 ஆர்18 டயர் சுமார் 789 மில்லிமீட்டர் உயரம், நீங்கள் வாங்கியது சுமார் 831 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களை வைத்து ஐந்து நிமிடத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இந்த டயரோடு மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. இது இன்று கடிதம் எழுதிய மற்றவர்களுக்கும் பொருந்தும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதே கேள்வியைத்தான் கேட்கும். டயர்களை ஓட்டாமல் புதிதாகவே வைத்திருந்து விற்றுவிடுங்கள்.

கேள்வி (உதகை): ஏற்கெனவே உயரப்படுத்திய பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: சேஸிஸில் ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ் (ரப்பர் குழாய்) விறைத்து நிற்கிறதென்றால் அந்த வண்டி வேண்டாம். கமான் பட்டையை மாற்றாமல் அதன் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை மட்டும் நீளமாகப் போட்டுத் தூக்கியிருந்தாலும் வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தால், விலை பேசுமுன் அலைன்மென்ட் தாளைக் கேளுங்கள்.